1 கோடியே 97 லட்சம் ஓட்டு, ஒரு மாநிலம் கூட இல்ல: 1992 ராஸ் பெரோ, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபர்ல ஒரு நாள் காலைல ஆறு மணி இருக்கும், பால் பாக்கெட் எடுத்துட்டு உள்ள வரேன், போன் அடிக்குது, அக்கா பொண்ணு. மிச்சிகன்ல இருக்கா, குடியுரிமை வாங்கினதுக்கு அப்புறம் அவளுக்கு அதான் முதல் அதிபர் தேர்தல். அங்க ராத்திரி எட்டரை, சாப்பாட்டு டேபிள் மேல தபால்ல வந்த வாக்குச்சீட்டை விரிச்சு வச்சுகிட்டு கேமராவ அது பக்கம் திருப்பி காட்றா. நம்ம ஊரு பழைய பேலட் பேப்பர் மாதிரி சின்னமெல்லாம் ஒண்ணும் கிடையாது, வரிசையா பேரு, பேருக்கு பக்கத்துல ஒரு சின்ன வட்டம், அத பேனாவால நிரப்பணும். அதிபர்ல ஆரம்பிச்சு நீதிபதி வரைக்கும் எல்லா பதவியும் ஒரே தாள்ல, ரெண்டு பக்கமும் இருக்கு, எல்லாத்துக்கும் மேல தனியா ஒரு கட்டம், அதுல ஒரு கட்சிய மட்டும் குறிச்சா கீழ இருக்கற கட்சி வேட்பாளர் பதவி அத்தனைக்கும் அந்த கட்சிக்கே ஓட்டு போயிடும்.

"மாமா, ரெண்டு பேர் மேலயும் எனக்கு மனசு ஒப்பல, மூணாவதா ஒருத்தருக்கு போடலாம்னு இருக்கேன், இவரு என்னடான்னா ஓட்ட வீணாக்காதங்கறாரு, நீங்க இத்தன வருஷம் எலக்ஷன் டூட்டி பாத்திருக்கீங்கல்ல, நீங்க சொல்லுங்க" அப்படின்னா.

வாத்தியார் வேலைல இருந்ததால ஊராட்சி தேர்தல்ல இருந்து பார்லிமென்ட் தேர்தல் வரைக்கும் பூத்துல உக்காந்து பாத்தவன் நான், ஆனா அமெரிக்கா கணக்கு வேற, சட்டுனு ஒரு பதில் சொல்ல வாய் வரல. ரெண்டு நாள் டைம் குடும்மான்னு சொல்லிட்டு படிக்க உக்காந்தேன். படிக்க படிக்க நான் வந்து நின்ன இடம் 1992. மூணாவது ஆள் ஒருத்தருக்கு பணம், பேரு, டிவி, விவாத மேடை, அம்பது மாநிலத்துலயும் வாக்குச்சீட்டுல பேரு, இத்தனையும் கிடைச்சா எவ்ளோ தூரம் போக முடியும்ங்கறதுக்கு கடந்த நூறு வருஷத்துல அத விட தெளிவான கேஸ் கிடையாது. அதனால அதையே முழுசா எழுதிடறேன், அவளுக்கு சொன்னதும் இதுலயே வந்துரும்.

ராஸ் பெரோ டெக்சாஸ்காரர், டல்லாஸ். 1962ல கம்ப்யூட்டர் சேவை கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சு, 1984ல அத ஜெனரல் மோட்டார்ஸுக்கு வித்து பெரும் பணக்காரர் ஆனவர். எந்த பதவிலயும் இருந்ததில்ல. 1992 பிப்ரவரி 20ந்தேதி சிஎன்என்ல லாரி கிங் நிகழ்ச்சில உக்காந்து, ஜனங்களே கையெழுத்து வாங்கி அம்பது மாநிலத்துலயும் என் பேர வாக்குச்சீட்டுல ஏத்துனா நான் நிக்கறேன்னு சொன்னாரு. அங்க தேர்தல் கமிஷன்னு ஒரே இடத்துல மனு தாக்கல் பண்ற ஏற்பாடு இல்ல, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி சட்டம், தனி கடைசி தேதி, இத்தன ஆயிரம் கையெழுத்துன்னு தனி கணக்கு. பெரிய கட்சி ரெண்டுக்கும் அது தானா நடந்துரும், மூணாவதா வர்றவன் தான் கடை வாசல்ல நின்னு ஒவ்வொரு கையெழுத்தா வாங்கணும். பெரோவுக்கு ஜனங்க வாங்கி குடுத்தாங்க. அம்பதுலயும் பேரு ஏறுச்சு.

ஜூன் மாச கேலப் கருத்துக்கணிப்புல பெரோ 39, பதவில இருந்த அதிபர், குடியரசு கட்சியோட புஷ் 31, ஜனநாயக கட்சியோட கிளின்டன் 25. இத படிச்சப்ப எனக்கே ஆச்சரியமா தான் இருந்துச்சு, மூணாவது ஆள் முதல் இடத்துல, அதுவும் வளைகுடா போர்ல ஜெயிச்ச அதிபர விட எட்டு பாயின்ட் மேல. அவரு பேசுனது முக்கியமா ஒரே விஷயம், அரசாங்கத்தோட கடன். அந்த வருஷம் அமெரிக்க பட்ஜெட்ல துண்டு விழுந்தது 29,000 கோடி டாலர். ரெண்டு கட்சியும் அத பட்டும் படாம பேசிட்டு இருந்தப்ப இவரு ஒருத்தரு தான் நேரா அதையே புடிச்சாரு.

அப்புறம் ஜூலை 16, ஜனநாயக கட்சி மாநாடு நடந்துட்டு இருக்கறப்பவே நான் விலகிக்கறேன்னுட்டாரு. ஊர் ஊரா கையெழுத்து வாங்குன தொண்டர்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு பாருங்க. அக்டோபர் 1ந்தேதி திரும்ப வந்தாரு, ஓட்டுப்பதிவு நவம்பர் 3, ஒரு மாசம் தான் மிச்சம். நடுவுல போன அந்த ரெண்டரை மாசம் தான் இந்த கேஸ்ல பெரிய தப்புன்னு நான் நெனைக்கறேன், ஒருத்தர நம்பி போன ஓட்டு ஒரு தடவை வீடு திரும்பிருச்சுன்னா மறுபடி வெளிய இழுக்கறது ரொம்ப கஷ்டம், இது வார்டு கவுன்சிலர் தேர்தல்ல நிக்கறவங்களுக்கும் தெரியும்.

வந்ததுக்கு அப்புறம் சும்மா சொல்லக்கூடாது, அடிச்சு ஆடுனாரு. காசு குடுத்து டிவில அரை மணி நேரம் வாங்கி, கையில ஒரு குச்சிய வச்சுகிட்டு, அட்டைல வரஞ்ச வரைபடத்த ஒண்ணொண்ணா எடுத்து வச்சு கடன் கணக்க விளக்குனாரு. வகுப்புல நான் கரும்பலகைல கோடு போட்டு விளக்கற மாதிரி, அத ஒரு கோடிக்கும் மேல பேர் உக்காந்து பாத்தாங்க. சொந்த காசு ஆறு கோடி டாலருக்கு மேல செலவு. அக்டோபர் 11, 15, 19ன்னு ஒன்பது நாளுக்குள்ள மூணு விவாதம், மூணுலயும் புஷ், கிளின்டன் கூட சரிசமமா நின்னாரு. அவரோட துணை அதிபர் வேட்பாளர் ஸ்டாக்டேல், வியட்நாம்ல ஏழு வருஷத்துக்கு மேல சிறைல இருந்த கடற்படை அதிகாரி, பெரிய மனுஷன், ஆனா விவாத மேடைல தடுமாறிட்டாரு, அது அவங்களுக்கு உதவல.

ரிசல்ட் வந்துச்சு. கிளின்டன் 43 சதவீதம், புஷ் 37.4, பெரோ 18.9. எண்ணிக்கைல 1 கோடியே 97 லட்சம் ஓட்டு. நூறு பேர்ல கிட்டத்தட்ட பத்தொம்பது பேர். ஆனா அதிபர தேர்ந்தெடுக்கற தேர்வாளர் ஓட்டு மொத்தம் 538ல கிளின்டனுக்கு 370, புஷ்ஷுக்கு 168, பெரோவுக்கு ஒண்ணு கூட இல்ல.

இத புரிஞ்சுக்காம மூணாவது ஆள பத்தி பேசவே முடியாது. அமெரிக்கால ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தன தேர்வாளர்னு ஒதுக்கிருக்கு, அந்த மாநிலத்துல யாரு முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு அந்த மாநிலத்தோட தேர்வாளர் அத்தன பேரும், மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டு மட்டும் கொஞ்சம் பிரிச்சு குடுக்கும். 270 வந்தா அதிபர். அப்ப ரெண்டாவதா வந்தாலும் மூணாவதா வந்தாலும் ஒண்ணு தான், பூஜ்யம். பெரோ மெய்ன் மாநிலத்துல 30 சதவீதம் வாங்கி புஷ்ஷயே மூணாவது இடத்துக்கு தள்ளுனாரு, யூட்டால 27 சதவீதம் வாங்கி கிளின்டன மூணாவதா ஆக்குனாரு, ஆனா ரெண்டுலயும் முதல் இடம் இல்ல. அவரோட ஓட்டு தோசைக்கல்லுல மாவு ஊத்துன மாதிரி நாடு பூரா சமமா பரவி கெடந்துச்சு, எந்த ஒரு இடத்துலயும் கெட்டியா இல்ல.

கெட்டியா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு 1948 தேர்தல பாருங்க, எனக்கு இந்த ஆய்வுலயே ரொம்ப கண்ண தொறந்த இடம் அது தான். அந்த வருஷம் மூணாவது, நாலாவது ஆளுங்க ரெண்டு பேர், ஸ்ட்ராம் தர்மாண்டு, ஹென்றி வாலஸ். ரெண்டு பேரும் வாங்குனது ஆளுக்கு 11 லட்சத்து சொச்சம், ஆளுக்கு 2.4 சதவீதம், கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. தர்மாண்டுக்கு 39 தேர்வாளர் ஓட்டு, ஹென்றி வாலஸுக்கு பூஜ்யம். ஏன்னா தர்மாண்டோட ஓட்டு பூரா தெக்கத்தி மாநிலங்கள்ல குவிஞ்சு நாலு மாநிலத்த தூக்குச்சு, ஹென்றி வாலஸோடது நாடு பூரா செதறிப்போச்சு. தர்மாண்டு நின்னது கறுப்பின மக்களுக்கு சம உரிமை குடுக்கக்கூடாதுன்னு, அந்த கொள்கை மேல எனக்கு ஒரு மரியாதையும் இல்ல, ஆனா கணக்கு கணக்கு தான். 1968ல அதே மாதிரி அரசியல வச்சு ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதம் வாங்கி அஞ்சு தெக்கத்தி மாநிலத்த புடிச்சு 46 தேர்வாளர் ஓட்டு வாங்கினாரு. பெரோவ விட அஞ்சு சதவீதம் கம்மி. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் எந்த மூணாவது வேட்பாளரும் ஒரு மாநிலம் கூட ஜெயிக்கல.

சேலத்துக்காரங்களுக்கு இத நான் இவ்ளோ விளக்கவே வேண்டியதில்ல. 1996 சட்டமன்ற தேர்தல் ஞாபகம் இருக்கறவங்களுக்கு தெரியும், மதிமுக தமிழ்நாடு பூரா நின்னு 5 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்குச்சு, ஒரு சீட்டு கூட இல்ல. பாமக ரெண்டு பெரிய கட்சி கூடவும் சேராம 4 சதவீதத்துக்கும் கீழ தான் வாங்குச்சு, ஆனா நாலு சீட்டு, அதுல ரெண்டு நம்ம மாவட்டத்துல, எடப்பாடியும் தாரமங்கலமும். ஓட்டு எங்க குவிஞ்சு கெடக்குதுங்கறது தான் வித்தியாசம். அப்புறம் 2006ல தேமுதிக 232 தொகுதில தனியா நின்னு 8.38 சதவீதம் வாங்கியும் ஜெயிச்சது விருத்தாசலத்துல விஜயகாந்த் ஒருத்தர் மட்டும் தான், அதே கட்சி 2011ல கூட்டணில சேந்து 7.88 சதவீதம், ஓட்டு கொறஞ்சு போச்சு, ஆனா 29 சீட்டு. சேலம் வடக்கு, மேட்டூர், கெங்கவல்லின்னு நம்ம மாவட்டத்துலயே மூணு. இங்க மூணாவது கட்சிக்கு கூட்டணின்னு ஒரு கதவு இருக்கு. அமெரிக்க அதிபர் பதவிக்கு அந்த கதவே கிடையாது, ஒரே ஒரு நாற்காலிய எப்படி பங்கு போடறது? உள்ள போகணும்னா பெரிய கட்சி ரெண்டுல ஒண்ணுக்குள்ள போயி உள்கட்சி தேர்தல்ல ஜெயிச்சு வரணும், 2016ல டிரம்ப் பண்ணது அது தான், வெளில இருந்து வந்தவர் தான், ஆனா வெளில நின்னு போட்டி போடல.

சரி, பெரோ நாலஞ்சு மாநிலம் ஜெயிச்சு யாருக்கும் 270 வராம போயிருந்தா? அப்பவும் அவருக்கு வழி இல்ல. யாருக்கும் பெரும்பான்மை வரலன்னா பிரதிநிதிகள் சபை தான் அதிபர தேர்ந்தெடுக்கும், முதல் மூணு பேர்ல இருந்து, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. கிட்டத்தட்ட நாலு கோடி பேர் இருக்கற கலிபோர்னியாவுக்கும் ஒண்ணு, ஆறு லட்சம் பேர் கூட இல்லாத வயோமிங்குக்கும் ஒண்ணு. சபைல உக்காந்திருக்கறது கிட்டத்தட்ட பூரா அந்த ரெண்டு கட்சிக்காரங்க, அவங்க எதுக்கு மூணாவது ஆள தேர்ந்தெடுக்கப்போறாங்க? 1824ல இப்படி ஒரு தடவை நடந்துச்சு, ஜனங்க ஓட்டுலயும் தேர்வாளர் ஓட்டுலயும் முதல்ல வந்த ஜாக்சன விட்டுட்டு ஆடம்ஸ அதிபராக்குனாங்க.

பெரோ 1996ல மறுபடி நின்னாரு, இந்த தடவை கட்சியே ஆரம்பிச்சு. முதல் தடவை 5 சதவீதத்த தாண்டுனதால அரசாங்க பணமும் 2 கோடியே 90 லட்சம் டாலர் வந்துச்சு. ஆனா விவாத மேடைக்கு கூப்பிடல, ஜெயிக்கற வாய்ப்பு இல்லன்னுட்டாங்க. ஓட்டு 8.4 சதவீதமா இறங்கிருச்சு. 2000ல இருந்து கருத்துக்கணிப்புல 15 சதவீதம் இருந்தா தான் விவாதம்னு விதியே வந்துருச்சு. மேடை ஏறுனா தான் 15 வரும், 15 வந்தா தான் மேடை. 1992ல இந்த விதி இருந்திருந்தா பெரோவே உள்ள வந்திருக்க முடியாது, திரும்ப வந்தப்ப அவரு 10க்கும் கீழ தான் இருந்தாரு, விவாதத்துக்கு அப்புறம் தான் ரெண்டு மடங்குக்கு ஏறுனாரு. இது அநியாயம்னு தான் நான் சொல்வேன், ஜனங்க கேட்டு முடிவு பண்றதுக்கு முன்னாடியே வாசல்ல தடுத்து நிறுத்தறது.

இப்ப அவ வீட்டுக்காரர் சொன்ன விஷயத்துக்கு வரேன், மூணாவது ஆளுக்கு போட்டா ஓட்டு வீண், இல்லன்னா யாரோ ஒருத்தர தோக்கடிச்சுரும்ங்கறது. புஷ் தோத்ததே பெரோவால தான்னு அந்த கட்சிக்காரங்க ரொம்ப வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா ஓட்டு போட்டுட்டு வெளில வந்தவங்க கிட்ட கேட்டப்ப, பெரோ இல்லன்னா யாருக்கு போட்டிருப்பீங்கன்னா, 38 சதவீதம் புஷ்னாங்க, 38 சதவீதம் கிளின்டன்னாங்க, மிச்சம் பேர்ல நெறைய பேரு பூத்துக்கே வந்திருக்க மாட்டோம்னாங்க. அப்ப அவரு ஒருத்தர தோக்கடிச்சாருன்னு சொல்றது நிக்காது.

ஆனா 2000 ஃப்ளோரிடா வேற கதை. அந்த வருஷம் மூணாவதா நின்ன ரால்ஃப் நேடர் நாடு பூரா வாங்குனது 2.7 சதவீதம் தான், ஃப்ளோரிடால 97,488. அங்க 1992ல தோத்த புஷ்ஷோட மகன், ஜனநாயக கட்சி வேட்பாளர் அல் கோரை விட எத்தன ஓட்டு அதிகம் தெரியுமா, 537. நேடருக்கு போட்டவங்கள்ல நூத்துல ஒருத்தர் மாறி கோருக்கு போட்டிருந்தா அதிபரே வேற ஆள். பெரோ கிட்டத்தட்ட ரெண்டு கோடி வாங்கி மாத்தாதத நேடர் ஒரு லட்சத்துக்கும் கம்மியா வாங்கி மாத்துனாரு. ஓட்டு எவ்ளோங்கறத விட எந்த மாநிலத்துல விழுதுங்கறது தான் இங்கயும் பேசுது. நியூயார்க்லயோ டெக்சாஸ்லயோ இருக்கறவங்க மூணாவது ஆளுக்கு நிம்மதியா போடலாம், முடிவு முன்னாடியே தெரியும். என் அக்கா பொண்ணு இருக்கறது மிச்சிகன், 2016ல வெறும் பத்தாயிரத்து சொச்சம் ஓட்டுல முடிவான மாநிலம்.

அங்க 2024ல இன்னொரு கொடுமையும் நடந்துச்சு. ராபர்ட் கென்னடி ஜூனியர் சுயேச்சையா நின்னு, ஆகஸ்ட் 23ந்தேதி பிரச்சாரத்த நிறுத்திட்டு டிரம்ப்புக்கு ஆதரவுன்னு சொல்லி, மிச்சிகன்ல என் பேர எடுங்கன்னு கோர்ட்டுக்கே போனாரு, எடுக்க முடியாதுன்னு தீர்ப்பு வந்துருச்சு. அந்த பேரு அவ காட்டுன வாக்குச்சீட்டுல அப்படியே இருந்துச்சு, நானே வீடியோல படிச்சேன். களத்துலயே இல்லாத ஒருத்தருக்கு அந்த மாநிலத்துல 25,000க்கு மேல ஓட்டு விழுந்துச்சு.

ஆனா வீண் ஓட்டுங்கற வார்த்தைய நான் ஏத்துக்க மாட்டேன், அதுக்கு காரணம் ஏற்காடு. 2013 டிசம்பர் 4 ஏற்காடு இடைத்தேர்தல். தமிழ்நாட்டுல நோட்டா வந்த முதல் தேர்தல் அது, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து ரெண்டு மாசம் கொஞ்சம் தான் ஆயிருந்துச்சு. எனக்கு மலை மேல மாரமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டூட்டி. முந்தின நாளே மெஷின தூக்கிட்டு போயி சேந்துட்டோம், ராத்திரி பூரா பனி, வகுப்பறை பெஞ்ச சேத்து போட்டு ஸ்வெட்டர் மேல சால்வையும் போத்திகிட்டு படுத்தா கூட தரை குளிரு முதுகுல ஏறுது. காலைல மாதிரி ஓட்டு போட்டு பாக்கறப்ப ஏஜென்ட்டுங்க எல்லாம் கடைசி பட்டனயே பாத்துட்டு இருந்தாங்க, மெஷின்ல அதுக்கு அப்ப சின்னம் கூட கிடையாது, வெறும் எழுத்து தான்.

பத்து மணி வாக்குல ஒரு பெரியவரு வந்தாரு, காப்பித் தோட்டத்துல வேலை பாக்கறவரு, வெரல்ல மை வைக்கறப்ப "சார், கடைசில புதுசா ஒண்ணு இருக்குதாமே, அது யாருதுங்க?"ன்னு கேட்டாரு. "யாருதும் இல்லீங்க ஐயா, நிக்கறவங்க யாரும் வேண்டாம்னா அதுல போடலாமுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. "அப்ப அதயும் எண்ணுவீங்களா?"ன்னாரு. எண்ணுவோம்ங்கன்னதும் தலைய ஆட்டிட்டு மறைவுக்குள்ள போனாரு, பீப் சத்தம் வந்துச்சு, யாருக்கு போட்டாருன்னு எனக்கு தெரியாது, தெரியவும் கூடாது. ஆனா அவரு கேட்ட கேள்வி என் மனச விட்டு இன்னும் போகல. எண்ணுவீங்களான்னு தான் கேட்டாரு, ஜெயிக்குமான்னு கேக்கல. அந்த தேர்தல்ல ஆளுங்கட்சி 78,000 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுது, நோட்டாவுக்கு 4,400க்கு மேல விழுந்துச்சு. முடிவ மாத்தல, ஆனா அத்தன பேர் மலைலயும் அடிவாரத்துலயும் வரிசைல நின்னு தான் அத சொல்லிட்டு போயிருக்காங்க.

பெரோவோட 1 கோடியே 97 லட்சத்தயும் எண்ணத்தான் செஞ்சாங்க, ரெண்டு கட்சியும் எண்ணுச்சு. கடன பத்தி பேசுனா அவ்ளோ ஓட்டு இருக்குன்னு தெரிஞ்சதும் அடுத்த வருஷத்துல இருந்து ரெண்டு பக்கமும் பட்ஜெட் பற்றாக்குறைய கொறைக்கறதுல போட்டி போட்டாங்க. 1998ல அமெரிக்க பட்ஜெட் உபரிக்கு வந்துச்சு, 1969க்கு அப்புறம் அதான் முதல் தடவை. பொருளாதாரம் நல்லா ஓடுனதும் வரிய ஏத்துனதும் பெரிய காரணம், எல்லாத்தயும் பெரோ கணக்குல எழுத முடியாது, ஆனா அந்த பேச்ச மேடைக்கு கொண்டு வந்தது அவரு தான். மூணாவது ஆளுக்கு அமெரிக்கால நெசமா கிடைக்கற பலன் இது தான்னு நான் பாக்கறேன், நாற்காலி கிடைக்காது, பேச்சு மாறும்.

நாற்காலியே கிடைக்கணும்னா ஒண்ணு பழைய கட்சி உடையணும். 1854ல ஆரம்பிச்ச குடியரசு கட்சி 1860லயே லிங்கன அதிபராக்குச்சு, அவரு வாங்குனது 40 சதவீதத்துக்கும் கீழ, ஏன்னா பழைய விக் கட்சி செத்துப்போச்சு, எதிர்க்க இருந்த ஜனநாயக கட்சி ரெண்டா பிளந்துருச்சு. 1912ல முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தனியா நின்னு 27.4 சதவீதமும் 88 தேர்வாளர் ஓட்டும் வாங்கினாரு, பதவில இருந்த டாஃப்டுக்கு வெறும் 8, ஆனாலும் ரெண்டு பேரும் பிரிச்சுகிட்டதுல வில்சன் 435 அள்ளிட்டு போனாரு. பக்கத்துல இலங்கைய பாருங்க, அநுர குமார திசாநாயக்க 2019ல 3.16 சதவீதம், 2024 செப்டம்பர்ல 42.31 சதவீதம், ஜனாதிபதி. நடுவுல 2022ல பொருளாதாரம் விழுந்து பழைய கட்சிங்க மேல ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை அடியோட போச்சு. பெட்ரோலுக்கு நாள் கணக்கா வரிசைல நின்ன ஜனம்.

இன்னொரு வழி எண்ணற முறைய மாத்தறது. இலங்கைல ஒண்ணு ரெண்டு மூணுன்னு விருப்பம் குறிக்கலாம், 2024ல யாருக்கும் பாதி வராததால முதல் தடவையா ரெண்டாவது விருப்பத்த எண்ணுனாங்க. தமிழ் பொது வேட்பாளரா நின்ன அரியநேத்திரனுக்கு 2,26,000 சொச்சம் ஓட்டு விழுந்துச்சு, அவருக்கு போட்டவங்க ரெண்டாவதா முதல் ரெண்டு இடத்துல இருந்தவங்கள்ல ஒருத்தர் பேர குறிச்சிருந்தா அந்த சீட்டு மறுபடி கணக்குக்கு வந்திருக்கும், தன் மனசயும் சொல்லலாம், முடிவுலயும் பங்கு எடுக்கலாம்.

நம்ம நாட்டு ஜனாதிபதி தேர்தலும் கிட்டத்தட்ட அதே முறை தான், எம்பி எம்எல்ஏ மட்டும் போடறதால நமக்கு அது தெரியறதில்ல. 1969ல நடந்ததுல சேலத்துக்கே ஒரு தொடர்பு இருக்கு. நம்ம ஊர்ல வக்கீலா இருந்து 1917ல சேலம் நகராட்சி சேர்மன் ஆன ராஜாஜி 1959ல சுதந்திரா கட்சிய ஆரம்பிச்சாரு, அந்த கட்சியும் ஜனசங்கமும் சேந்து சி.டி.தேஷ்முக்க மூணாவது வேட்பாளரா நிறுத்துனாங்க. காங்கிரஸோட அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி, சுயேச்சையா நின்ன வி.வி.கிரிக்கு இந்திரா காந்தி ஆதரவு, திமுகவும் கிரி பக்கம். முதல் எண்ணிக்கைல கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769, யாருக்கும் பாதி இல்ல. தேஷ்முக் சீட்ட பிரிச்சு ரெண்டாவது விருப்பத்த எண்ணுனப்ப பெரும்பகுதி ரெட்டிக்கு போச்சு, 88,000 வித்தியாசம் 15,000க்கும் கீழ வந்து நின்னுச்சு, கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மயிரிழைல தப்பிச்சாரு கிரி. மூணாவதா வந்தவரோட ஓட்டு அங்க குப்பைக்கு போகல, கடைசி வரைக்கும் பேசுச்சு. இதே முறை 2000ல ஃப்ளோரிடால இருந்திருந்தா நேடருக்கு போட்ட 97,488 பேரும் ரெண்டாவது ஆள் யாருன்னு குறிச்சிருப்பாங்க, 537க்கு நாடே ஒரு மாசம் கோர்ட் வாசல்ல நின்னிருக்காது.

ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வச்சுகிட்டு நானே அவளுக்கு போன் போட்டேன், அங்க காலைல ஆபீஸ் கிளம்பற நேரம். தட்டுவடைய பாத்ததும் கண்ணு அதுலயே நின்னுச்சு, பீட்ரூட் கேரட் வெச்சிருக்காங்களா மாமான்னு கேட்டா, அப்புறம் தான் விஷயத்துக்கு வந்தோம். நான் சொன்னது இது தான்: நீ போடற மூணாவது ஆள் ஜெயிக்க மாட்டார்ம்மா, அத மனசுல வச்சுக்க, உன் மாநிலம் இழுபறி மாநிலம், அதனால அந்த பெரிய ரெண்டு பேர்ல யாரு வந்தா உனக்கு தாங்கவே முடியாதுன்னு ஒருத்தர் இருந்தா அத மொதல்ல யோசி, ரெண்டு பேரும் ஒண்ணு தான்னு நெசமா தோணுனா மூணாவது ஆளுக்கு தாராளமா போடு, அது வீண் இல்ல, எண்ணுவாங்க, ஆனா அந்த ஆள் இன்னும் களத்துல இருக்காரா, எத பேசறாருங்கறத பாத்து போடு. எந்த காரணத்துக்கும் அந்த மேல் கட்டத்துல மட்டும் அவசரப்பட்டு குறிச்சுட்டு மிச்சத்த படிக்காம விடாத, உன் ஊரு நீதிபதி பதவியும் பள்ளிக்கூட போர்டும் கீழ தான் இருக்கு, அங்க ஒரு ஓட்டுக்கு இருக்கற மதிப்பு அதிபருக்கு போடறத விட அதிகம்.

"அந்த ஒண்ணு ரெண்டு மூணு போடறது எங்க ஊர்ல இல்லியா மாமா?"ன்னு கேட்டா. மெய்ன்ல இருக்கு, 2020ல இருந்து அதிபர் தேர்தலுக்கும் அப்படித்தான் போடறாங்க, அலாஸ்கால இருக்கு, உங்க மாநிலத்துல அதிபர் தேர்தலுக்கு இல்லன்னேன். மெய்ன், பெரோ ரெண்டாவதா வந்த அதே மெய்ன். அந்த நவம்பர்லயே கொலராடோ, நெவாடா, இடாஹோ, ஓரிகன் நாலு மாநிலத்துலயும் இந்த முறைய கொண்டு வரலாமான்னு ஜனங்க கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க, நாலுலயும் வேண்டாம்னுட்டாங்க. அலாஸ்கால இருக்கறத எடுத்துரலாமான்னு ஓட்டுக்கு விட்டாங்க, மறு எண்ணிக்கை வரைக்கும் போயி ஆயிரத்துக்கும் கொறஞ்ச ஓட்டு வித்தியாசத்துல அது தப்பிச்சு நின்னுச்சு. ரிசல்ட் வந்த அன்னிக்கு அவளுக்கு அத தான் மெசேஜ் போட்டேன், அவ யாருக்கு போட்டான்னு கேக்கல.